புதுப்பிப்பு: கல்லடிச் சுவரில் உரிந்த மீன்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு வீட்டு முற்றச் சுவரில் நான் வரைந்த, அவ்வூரின் அடையாளமான பாடும் மீன்கள் இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டன என்றும், வீட்டுக்காரர் மிகுதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் என்றும் முன்பு எழுதியிருந்தேன். பலர் பெயின்றையே குறை கூறினீர்கள். ஆனால் உரிந்த இடத்தைச் சுரண்டியபோது மாவு போல வெள்ளை உப்பு விரலில் ஒட்டியது. சுவரின் ஈரம் சீமெந்திலிருந்து வெளியே கொண்டுவந்த உப்பு அது; பெயின்றைத் தள்ளி உரித்ததும் அதுவே. சீமெந்துப் பூச்சு முடிந்து பத்தே நாட்களில், அதுவும் மார்கழி மழையின் ஈரம் காயுமுன், நான் தூரிகை பிடித்ததே காரணம். 28 நாட்களாவது பொறுத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார்தான், ஆனாலும் மறுத்திருக்க வேண்டியவன் நான். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து, பங்குனி வெயிலில் சுவரைக் காயவிட்டு, இரவு முழுவதும் ஒட்டிவைத்த பொலித்தீன் துண்டின் உட்புறம் வியர்க்கவில்லை, அதாவது சுவரில் ஈரம் இல்லை என்று கண்ட பின்னரே, சீமெந்தின் காரத்தன்மையைத் தாங்கும் அடிப்பூச்சு அடித்து, என் செலவிலேயே மீண்டும் வரைந்தேன். மிகுதியில் பாதி கிடைத்தது. மீதி சித்திரை வருடப்பிறப்புக்குப் பின்னராம்.