பொருள்: புழுத் தசையில் ‘இழைக்கோப்பு’, சரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை எலிகன்ஸ் நூற்புழுவின் தசையைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். குறிப்பு எழுதும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். புரதங்கள் ஒன்றுசேர்ந்து தசைக்குள் தடித்த இழையாக உருவாகும் அந்த நிகழ்வுக்கு ஒரு சொல் வேண்டும். ‘இழைக்கோப்பு’ என்று நினைத்தேன், சரியா? ‘இழை அமைப்பு’ என்றால் மாணவர்கள் முடிந்துபோன வடிவத்தைத்தான் நினைக்கிறார்கள்.

அன்க்-54 மரபணு தருவது மயோசின் பி என்னும் தசைப் புரதம். அது இல்லாவிட்டால் தடித்த இழைகள் குறைந்து, புழு உயிரோடு இருந்தும் ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். அன்க்-15 மரபணு கெட்டால் பாராமயோசின் என்னும் இன்னொரு தசைப் புரதம் போய்விடும். மயோசின் இருந்தும் ஒழுங்காகச் சேராது. அன்க்-45 புரதமோ மயோசின் சரியாக மடிய உதவுகிறது. மூன்றையும் ‘அமைப்புக் குறை’ என்று எழுதினால் பாடமே போய்விடும்.

*

அம்மா, ‘இழைக்கோப்பு’ என்றே வையுங்கள். பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம். கோவையும் கோப்பும் ஒரே வேர். செயலும் தெரியும், விளைவும் தெரியும்.

*

ஐயா, கோப்பு என்றதும் அலுவலகத்துக் கட்டுதானே நினைவுக்கு வரும்? அதோடு, கோப்பதற்கு நார் வேண்டும். மாலையில் பூ வேறு, நார் வேறு. மயோசினில் பூவும் அதுவே, நாரும் அதுவே.

*

தம்பி, நார் இருக்கிறது. பாராமயோசின் உள்ளே நடுத்தண்டாக இருக்கிறது, மயோசின் அதன்மேல் படிகிறது. அன்க்-15 கெட்டால் ஒழுங்கு குலைவது அதனால்தான். நார் அறுந்த மாலை!

*

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் ‘இழையம்’ என்றால் நீங்கள் திசு என்பது. ‘இழை’யில் தொடங்கினால் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பழைய வழக்கில் இழை என்றால் அணிகலனும்தான். சேயிழை, ஆயிழை என்றெல்லாம் படித்திருக்கிறோம். என் பரிந்துரை ‘புரியாக்கம்’. வைக்கோற்புரி முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். மயோசினின் வாலே இரண்டு சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட புரிதான். முப்புரி, வலம்புரி, எல்லாவற்றிலும் அந்த முறுக்கு உண்டு.

*

அழகான சொல், ஐயா. ஆனால் இங்கே கரும்பலகையில் ‘புரியாக்கம்’ என்று எழுதினால், புரிய வைப்பது என்றே படிப்பார்கள்.

*

எங்களுக்கு ‘விளங்கும்’தானே வழக்கு. எனவே அந்தக் குழப்பம் இங்கே வராது.

*

ஆங்கிலத்தில் உள்ளபடி அசெம்பிளி என்றே எழுதிவிட்டால் என்ன? மயோசினையும் பாராமயோசினையும் அப்படியேதானே வைத்திருக்கிறோம்.

*

அவை பொருள்களின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். வினையைத் தமிழில் சொல்ல முடியாவிட்டால் பாடம் நடத்தவே முடியாது. இன்னொன்று: ஓர் இழை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் நீளம். மயோசினின் இன்னொரு வகையான மயோசின் ஏ இழையின் நடுவில் மட்டும், மயோசின் பி இரு பக்கக் கைகளிலும். இப்படி எது எங்கே என்ற வரிசை இருப்பதால் ‘அடுக்கம்’ என்பதையும் யோசிக்கலாம்.

*

அடுக்கம் மலைச்சரிவுக்கும் வரும் சொல், ஐயா. மேலும் செங்கல்லை அடுக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே புரதங்கள் தாமாகவே சேர்கின்றன.

*

கோப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே!

*

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘இழைக்கோப்பு’ என்பதையே போடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘புரதங்கள் சேர்ந்து இழையாகும் நிகழ்வு’ என்று விளக்கமும் கொடுத்துவிடுகிறேன்.

*

சரி அம்மா. ஆனால் எங்கள் வகுப்பில் நான் புரியாக்கம் என்றே சொல்லப்போகிறேன்.