849 பேர் கணக்கு: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து

மீனா சித்தி, காலை 7:42
செர்னோபில் அணு உலை வெடிச்சதால ஸ்வீடன்ல 849 பேருக்கு கேன்சர்னு ஒரு ஃபார்வர்ட் வந்திருக்கு. உக்ரைன்ல நடந்தது அவ்வளவு தூரமா போச்சு? முத்து, பாருப்பா.

முத்து, 7:55
போச்சு சித்தி. 1986 ஏப்ரல் 26 வெடிப்பு. 28 காலையில ஸ்வீடன் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துல ஒரு தொழிலாளியோட ஷூவுல ஒட்டியிருந்த தூசிலதான் கதிர்வீச்சு மீட்டர் கத்துச்சு. 28, 29ல ஸ்வீடன்ல யாவ்லே ஊர் பக்கம் மழை. மேகத்துல இருந்த சீசியம்-137ங்கிற கதிரியக்கப் பொருள் அப்படியே தரைக்கு இறங்கிடுச்சு. மழை பெய்யாத ஊர்ல ரொம்பக் கம்மி. திட்டுத்திட்டாத்தான் விழும்.

செல்வி அக்கா, 8:10
849ங்கிறது ஆளை எண்ணி எடுத்தது இல்ல சித்தி, மதிப்பீடு. 2004ல வந்த ஆய்வு. சுமார் 11.4 லட்சம் பேர், 1988–96ல 22,409 கேன்சர். தரையில விழுந்த சீசியம் சதுர மீட்டருக்கு 100 கிலோபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்குற அலகு) கூடினா ஆபத்து 11% கூடுதுன்னு வந்தது. அதுலேர்ந்து போட்ட கணக்கு.

மீனா சித்தி, 8:12
அப்ப சரிதானே?

செல்வி அக்கா, 8:20
எனக்கு முழுசா ஒப்பல. கட்டியா வர்ற கேன்சருக்குப் பொதுவா 10 வருஷமாவது ஆகும். இங்க ரெண்டாவது வருஷத்துலேர்ந்தே எண்ணியிருக்காங்க. முதல்ல ஏற வேண்டிய ரத்தப் புற்றும் தைராய்டும் தெளிவா ஏறல.

முத்து, 8:31
1 லட்சம் பேர், ஆளுக்கு 1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, அதாவது சீவர்ட்ங்கிற அளவுல ஆயிரத்துல ஒரு பங்குன்னு வைங்க. சீவர்ட்டுக்கு 5% ஆபத்துன்னா கூடுதலா 5 பேர். அதே 1 லட்சத்துல எப்படியும் 30,000 பேருக்கு மேல ஆயுசுக்குள்ள கேன்சர் வரும். அந்த எண்ணே தற்செயலா 150 முன்னப்பின்ன ஆடும். 5 பேர் நிஜமாவே இருந்தாலும் அதுக்குள்ள தெரிய மாட்டாங்க. அதுக்காக அவங்க இல்லைன்னும் சொல்ல முடியாது.

மீனா சித்தி, 8:33
எங்கதான் தெரிஞ்சுது?

செல்வி அக்கா, 8:45
பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவுல, குழந்தைங்க தைராய்டுல. அயோடின்-131ங்கிற கதிரியக்க அயோடின் புல்லுல விழுந்துச்சு, மாடு மேஞ்சுது, பால்ல வந்துச்சு. பெரியவங்க தைராய்டு 20 கிராம் இருக்கும். சின்னக் குழந்தைக்கு சில கிராம்தான். அதே அயோடின் அந்தச் சின்ன சுரப்பிக்குள்ள போனா டோஸ் பல மடங்கு. வெடிச்சப்ப 18 வயசுக்குக் கீழ இருந்தவங்கள்ல 1991–2015ல 19,000க்கு மேல தைராய்டு கேன்சர். அதுல சுமார் கால்வாசிதான் கதிர்வீச்சாலன்னு ஐ.நா. அறிவியல் குழு சொல்லுது. மீதி வயசு ஏறினதும், ஸ்கேன்ல தேடிப் பிடிச்சதும்.

முத்து, 8:58
பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதி தப்பிச்சிருக்கும், அதுதான் வயிறு எரியுது. அயோடின்-131 எட்டு நாள்ல பாதியாகும். பாலைப் பவுடராக்கி 80 நாள் வெச்சா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். மாட்டை வெளிய விடாம, முன்னாடியே சேத்து வெச்ச தீவனம் போடணும். போலந்து 29ந்தேதியே ஆரம்பிச்சு 1 கோடிக்கு மேல குழந்தைங்களுக்கு சாதாரண அயோடின் குடுத்துச்சு. தைராய்டு அதுல நிரம்பிட்டா கதிரியக்க அயோடினை எடுத்துக்காது.

மீனா சித்தி, 9:02
நம்ம அயோடின் உப்பு போதாதா?

முத்து, 9:09
போதாது சித்தி. பெரியவங்களுக்கு பொட்டாசியம் அயோடைடு 130 மி.கி. மாத்திரை, அதுல அயோடின் 100 மி.கி. உப்புல கிராமுக்கு 30 மைக்ரோகிராம்னு வெச்சாலும் 3 கிலோவுக்கு மேல திங்கணும். மாத்திரையும் மேகம் வர்றதுக்கு முன்னாடி, இல்லேன்னா சில மணி நேரத்துக்குள்ள, அதுவும் அரசாங்கம் சொன்னாத்தான். சீசியத்துக்கு அது கேக்கவே கேக்காது.