ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை உண்டா?

கேள்வி:
என் அக்கா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை செய்கிறார். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பதரை வரை, ஒரு மணி நேர உணவு இடைவேளை தவிர, நின்றுகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் கால்கள் வீங்கிவிடுகின்றன. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலாவது உட்காரச் சட்டம் இடமளிக்கிறதா?

பதில் 1:
அளிக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, வேலையினூடே கிடைக்கும் ஓய்வான தருணங்களில் அமர்ந்துகொள்ள ஏதுவாக, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கைகளை உரிமையாளர் ஏற்படுத்தித் தர வேண்டும். கேரளம் 2018-இலேயே இத்தகைய திருத்தத்தைச் செய்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் நடத்திய நெடிய போராட்டம் இருந்தது.

பதில் 2:
தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 44-ஆம் பிரிவு நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வசதியை அப்போதே கட்டாயமாக்கியிருந்தது. கடை ஊழியருக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது வியப்புத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளை போக அக்காவின் வேலை பத்தரை மணி நேரம் ஆகிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வரம்பு. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக் கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியமும் தர வேண்டும். ஆகவே, இருக்கை, வேலைநேரம் இரண்டையும் குறிப்பிட்டு, அப்பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் அளியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தனியாகப் புகார் கொடுக்க அக்கா தயங்குகிறார். உடன் பணிபுரிவோரிடம் முதலில் பேசச் சொல்கிறேன்.