பழைய பூம் லிப்ட்: தூக்கி நிறுத்தினால் கூடை தானாக இறங்குகிறது, வாங்கலாமா?

கப்பலூர் ஷெட் வேலை:
வணக்கம். கப்பலூர் சிட்கோ பக்கம் கூரை ஷீட் மாற்றும் வேலை எடுத்துச் செய்கிறேன். சாரம் கட்டியே காலம் போகிறது என்று, 60 அடி டீசல் பூம் லிப்ட் (நீளமான இரும்புக் கையின் நுனியில் கூடை வைத்து ஆட்களை மேலே தூக்கும் வண்டி) ஒன்று விலைக்கு வந்ததைப் பார்க்கப் போனேன். புதுப் பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. மேலே தூக்கி இன்ஜினை அணைத்தால் கூடை மெதுவாக இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டு ஆயில் இல்லை. விற்பவர் "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்கிறார். மேலே ஏறப்போவது என் பையன்கள். என்ன பார்க்க வேண்டும்?

ஒத்தக்கடை ஹைட்ராலிக்:
தம்பி, ஆயில் சூடாக இருந்து ஆறும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் பூமைத் தூக்கும் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஹோல்டிங் வால்வு பிடிக்கவில்லை. வால்வுதான் பெரிய கவலை. ஹோஸ் வெடித்தால் பூமை விழாமல் பிடித்து நிறுத்துவதே அதுதான்.

கூடை காலியாக, கீழே ஆள் இல்லாமல் தூக்குங்கள். சிலிண்டர் ராடு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டேப்பால் அளந்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அளங்கள். ஹோஸில் கசிவு தேடும்போது கையை வைக்காதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள்ளேயே போய்விடும்.

திருமங்கலம் வெல்டர்:
எனக்கு அந்தப் புதுப் பெயின்ட்தான் உறுத்துகிறது. பூம் அடிப்பகுதி, கூடை பிடிக்கும் இடம் இரண்டிலும் வெல்டிங் ஓரத்தைச் சுரண்டி டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம்) அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். அப்புறம் வண்டியின் மேல்பாகம் சுழலும் வளையத்து போல்ட்களைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் போல்ட் தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம். கால் பெடலை விட்டதும் எல்லா அசைவும் நிற்கிறதா? பெடலை மிதிக்காமலே ஓட, ஒயரைச் சேர்த்து முறுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறேன். இன்ஜின் இல்லாமல் அவசரத்துக்குக் கீழே இறக்கும் பம்பையும் ஓட்டிப் பாருங்கள்.

கப்பலூர் ஷெட் வேலை:
இன்று போய் அளந்தேன். கால் மணி நேரத்தில் ராடு இரண்டு விரல் அளவு உள்ளே போய்விட்டது, இன்ஜின் ஆறியிருந்தும். சீல் மாற்றித் தருகிறாராம். பெயின்டைச் சுரண்ட மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

ஒத்தக்கடை ஹைட்ராலிக்:
சீல், வால்வு எல்லாம் நான் மாற்றிக் கொடுத்துவிடுவேன் தம்பி. விரிசலைப் பார்க்கவே விடவில்லை என்றால் வேண்டாம்.

கப்பலூர் ஷெட் வேலை:
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அண்ணே. மேலூரில் இன்னொன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கூட வர முடியுமா?