மெக்கானம் சக்கரத்துக்கு மூணு மீட்டிங்: ரோபோ டீம்ல முடிவை யார் எடுக்கணும்?

பல்சக்கரம்: எங்க டீம்ல 14 பேர். ரோபோவுக்கு மெக்கானமா (பக்கவாட்டுலயும் நகருற சக்கரம்), சாதா ரப்பர் சக்கரமான்னு மூணு மீட்டிங் ஓடிப்போச்சு. கடைசியில கை தூக்கச் சொன்னோம், 8-6. தோத்த ஆறு பேரும் இப்ப முகம் கொடுத்துப் பேசறதில்ல. இனிமே கேப்டன் சொல்றதுதான்னு வச்சிடலாமா?

நட்டுபோல்ட்: கூடாது. எங்க டீம்ல ரோபோவோட கையைத் தூக்குற ஷாஃப்ட் வளையும்னு முதல்ல கண்டுபிடிச்சது ஒரு ஜூனியர் பொண்ணு. கேப்டன் முடிவு பண்ணியாச்சேன்னு வாயே திறக்கல. போட்டியில வளைஞ்சுது. எடை, வேகம், செய்ய ஆகுற நாள், ரிப்பேர் சுலபமான்னு அட்டவணை போட்டு, எது எவ்வளவு முக்கியம்னு எண் குடுத்து, ஒவ்வொரு டிசைனுக்கும் மார்க் போடுங்க.

பழைய_கேப்டன்: அட்டவணைக் கூத்தை நான் நிறைய பாத்துட்டேன். நமக்குப் பிடிச்சது ரெண்டாவதா வந்தா, "வேகத்துக்கு 3 இல்லடா, 5 போடு"ம்பாங்க. விடையை எழுதிட்டு கணக்கு போடுற வேலை.

நட்டுபோல்ட்: டிசைனைப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்த முக்கியத்துவ எண்களைப் பூட்டிட்டா எப்படி மாத்துவீங்க? மார்க்கே வேண்டாம்னா ஸ்டூவர்ட் பியூங்கற டிசைன் இன்ஜினியரோட முறை இருக்கு. ஒரு டிசைனை அளவுகோலா வச்சுக்கிட்டு, மத்தது ஒவ்வொண்ணும் அதைவிட மேலா, கீழா, சமமான்னு மட்டும் கேக்கணும்.

பழைய_கேப்டன்: மேலா கீழான்னு பேப்பர்ல எப்படிங்க தெரியும்? மெக்கானத்தையே எடுங்க. விளிம்புல உருளைங்க 45 டிகிரி சாய்வா இருக்கும், அதனாலதான் பக்கவாட்டுல நகருது. ஆனா ரெண்டு ரோபோ முட்டிக்கிட்டா ரப்பர் சக்கரத்துக்கு முன்னாடி நிக்காது. இந்த வருஷ ஆட்டத்துல தள்ளுமுள்ளு உண்டா இல்லையா? விதிப்புத்தகத்துல அதைப் பாத்திருந்தா பாதி சண்டை வந்திருக்காது. ரோபோ என்ன செய்யணும்னு எல்லாரும் சேர்ந்து பேசுங்க. அதை எப்படிச் செய்யறதுன்னு அந்தப் பாகத்தைக் கட்டுறவங்க பாத்துக்கட்டும்.

கெடுவும் வேணும். எஃப்ஆர்சிங்கற பள்ளிப் பசங்க ரோபோ போட்டியில 2019 வரைக்கும் சுமார் ஆறு வாரத்துல ரோபோவைப் பையில போட்டு சீல் வச்சிடணும். 2020ல அந்த விதியை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் எங்க பசங்க பேச்சு நீண்டுச்சு (என் புலம்பல், விடுங்க).

குட்டிவயர்: நான் ஜூனியர்ண்ணா. அத்தனை பேர் முன்னாடி பேசச் சொன்னா வராது. மீட்டிங்குக்கு முன்னாடி பேர் போடாம சீட்டுல எழுதித் தரச் சொன்னா கண்டிப்பா எழுதுவேன்.

பல்சக்கரம்: சீட்டு நல்ல யோசனைம்மா. பிளைவுட்ல ரெண்டு அடித்தளம் வெட்டி, ஒரே எடை ஏத்தி, மோத விட்டுப் பாக்கறோம். சனிக்கிழமை வரைக்கும்தான் டைம். முடிவு டிரைவ் குழு (சக்கரப் பகுதியைக் கட்டுறவங்க) லீடரோடது.

நட்டுபோல்ட்: அப்ப கேப்டனுக்குப் பதில் லீடர். பேரை மட்டும் மாத்தியிருக்கீங்க.

பல்சக்கரம்: இல்லைங்க, அவன் அந்த ஆறு பேர்ல ஒருத்தன். ஏன் எடுத்தேன்னு ரெண்டு வரி எழுதி சுவத்துல ஒட்டணும்னும் சொல்லிட்டேன். அவன்தான் இப்ப பிளைவுட் அறுத்துக்கிட்டு இருக்கான்.