குழு வீரர் சித்திரக்கதைக்கு எப்படிப் புள்ளி போடுறது?

கிளிநொச்சிப் பிள்ளைகள் வரைந்த சூப்பர்ஹீரோ குழுக் கதைகளுக்குப் புள்ளி போட வேணும், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

16 பக்கத்தில ஏழு வீரர். எல்லாருக்கும் அறிமுகம் வைச்சால் பாதிப் புத்தகம் போயிடும், வில்லனுக்கு இடமில்லை. அதனால ஒரு வீரரைக் கதையில இருந்து எடுத்தால் கதை உடையுதா எண்டு பார்க்கிறம்.

படத்துக்கு முதல் சோதனை: உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கினாலும் ஆளைத் தெரியோணும். நிறத்தை மட்டும் நம்பினால் கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பியில ஏழு பேரும் ஒரே ஆள்தான்!

சிக்கல் சண்டைப் பக்கங்களில. இடப்பக்கம் நிண்டவர் காரணமில்லாமல் அடுத்த கட்டத்தில வலப்பக்கம் நிக்கிறார். முதல் கதைக்கிறவரின்ர பலூன் (பேச்சை எழுதுற வட்டம்) கீழ கிடக்குது. வாசிக்கிற ஒழுங்கே குழம்புது. இதுக்குப் படத்தில குறைக்கிறதோ, கதையிலயோ? கோடு வடிவா இருந்தால் எவ்வளவு விட்டுக்குடுக்கலாம்?