மினியேச்சர், மினிட், மினி: மூன்றுக்கும் ஒரே வேரா?

கேள்வி (சொல்தேடி): லத்தீனில் 'மைனர்' என்றால் 'இன்னும் சிறியது', 'மினிமம்' என்றால் 'மிகச் சிறியது'. மினிட், மினியேச்சர், மினி, மெனு, மினிஸ்டர் எல்லாமே அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. சரியா?

ஏட்டுப்பூச்சி: பட்டியலிலிருந்து மினியேச்சரை எடுத்துவிடுங்கள். அது 'சிறுமை' வேரில் பிறந்ததே இல்லை. 'மினியம்' என்ற சிவப்பு நிறமியின் பெயரிலிருந்து வந்தது. ரோமானியர்கள் முதலில் ஜாதிலிங்கத்தைத்தான் (பாதரச சல்ஃபைடு) அப்படி அழைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் மலிவான ஈயச் செந்தூரத்துக்குப் போய்விட்டது. வெள்ளை ஈயத்தைக் காற்றுப்பட 450 டிகிரி செல்சியஸ் அளவில் வறுத்தால் செந்தூரம் கிடைக்கும். 550-ஐத் தாண்டினால் ஆக்சிஜனை இழந்து மஞ்சள் ஈய ஆக்சைடாகிவிடும்.

கையெழுத்து ஏடுகளில் எழுதுபவர் அத்தியாயத்தின் முதலெழுத்துக்கு இடம் விட்டு, ஓரத்தில் பொடியாக அந்த எழுத்தைக் குறித்துவைப்பார். சிவப்பு தீட்டுபவர் பின்னால் வந்து நிரப்புவார். அந்த வேலைக்குப் பெயர் 'மினியாரே'. அதிலிருந்து இத்தாலியில் 'மினியதூரா' வந்தது: ஏட்டு ஓவியம் என்று பொருள், அளவைப் பற்றிய பேச்சே கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஏட்டுப் படங்கள் பொதுவாகச் சிறியவை, சொல்லின் ஒலியும் மைனர், மினிமம் பக்கம் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து 'சிறிய உருவம்' என்ற பொருளே நிலைத்துவிட்டது. பல பழைய ஏடுகளில் அந்தச் சிவப்பு இன்று கறுத்துக் கிடக்கிறது, ஈய நிறமியின் குணம் அப்படி.

மினி என்பது மினியேச்சரின் வெட்டுத்துண்டு, மினிமம் பக்கபலம். 1930களில் சிறு கேமராக்களோடு தலைகாட்டி, 1960களில் எதற்கும் ஒட்டும் முன்னொட்டானது. 1959இல் வந்த மோரிஸ் மினி-மைனர் காரைப் பாருங்கள். பத்தடி நீளம், பெயரில் மினி செந்தூர வழி, மைனர் சிறுமை வழி. இரண்டு வேரும் ஒரே பானெட்டில்!

கோணமானி: மினிட் அசல் வாரிசுதான். 'மினூட்டஸ்' என்றால் பொடியாக்கப்பட்டது. பாபிலோனிய வழக்கப்படி டிகிரியை அறுபதாகப் பிரித்ததை லத்தீனில் 'பார்ஸ் மினூட்டா ப்ரீமா', முதல் பொடிப்பங்கு என்றார்கள். அதை மறுபடி அறுபதாக்கியது 'செகுண்டா', இரண்டாவது. மினிட்டும் செகண்டும் அப்படி வந்தவை. கடிகாரத்துக்குப் பிற்பாடுதான் போயின.

இந்த அறுபதை மறந்தால் வரைபடத்தில் அடி விழும். 13°05′ (13 டிகிரி 5 மினிட்) என்பதை 13.05 என்று உள்ளிடுவார்கள். 5-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 13.083. தவறவிட்டால் வடக்கு-தெற்காக ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

சொல்தேடி: நன்றி. மெனு, மினிஸ்டர்? 'மிகச் சிறிய' என்ற பொருளில் வரும் மினஸ்க்யூலை (minuscule) எப்படி எழுதுவது?

ஏட்டுப்பூச்சி: மெனு பிரெஞ்சு வழியாக அதே மினூட்டஸ், 'விவரமான பட்டியல்' என்ற பொருளில் ஓட்டலுக்கு வந்தது. கறியைக் கொத்தும் மின்ஸும் அதே குடும்பம். மினிஸ்டர் 'மைனஸ்' பக்கம்: மாஜிஸ்டர் மேலானவர், மினிஸ்டர் கீழிருந்து ஏவல் செய்பவர். பதவி உயர்ந்தது, சொல் மட்டும் பழையபடி நிற்கிறது.

மினஸ்க்யூலில் 'என்'னுக்குப் பின் 'யு' போடுங்கள். 'ஐ' போடுவது மினியைப் பார்த்து வந்த பிழை. சில அகராதிகள் மாற்று வடிவமாக ஏற்றிருந்தாலும், தொகுப்பாசிரியர் கண்ணில் பட்டால் திருத்திவிடுவார். அது முதலில் அச்சுக்காரர் சொல், சிறிய எழுத்து வடிவம். 'மிகச் சிறிய' என்ற பொதுப்பொருள் பிறகுதான்.

கோணமானி: ஒன்று விட்டுப்போயிற்று. மினிட் (minute) என்ற அதே எழுத்துக்கூட்டல் 'மிகச் சிறிய' என்ற பொருளில் வரும்போது உச்சரிப்பு 'மைன்யூட்', அழுத்தம் இரண்டாம் அசையில். நேரத்துக்கும் கோணத்துக்கும் 'மினிட்'. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்றால் வழக்கமாகப் பன்மை, 'மினிட்ஸ்'.